பெரேரா ஓடி வரவில்லை

அந்த வீடியோவை இதற்குள் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், பேசியவர் யாரென்றும் தெரியும், நான் பெயர் சொல்லப் போவதில்லை. பிரேசில்காரர் அலெக்ஸ் பெரேரா கிக்பாக்ஸிங்கில் கதை முடிந்துபோய் காசுக்காக எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம், தரைப்பிடி எல்லாம் கலந்த சண்டை) பக்கம் ஓடி வந்தவராம், எம்எம்ஏவின் பெரிய நிறுவனமான யுஎஃப்சி தூக்கிவிட்ட ஆளாம். கீழே வரிசையாகக் கைதட்டல். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை.

ஓடி வந்தாரா? கிக்பாக்ஸிங்கின் பெரிய போட்டியான குளோரியில் மிடில்வெயிட், லைட் ஹெவிவெயிட் என்று இரண்டு எடையிலும் சாம்பியன் பெல்ட் வாங்கியவர். பின்னாளில் யுஎஃப்சி சாம்பியனான இஸ்ரேல் அடெசான்யாவை, கிக்பாக்ஸிங்கில், 2016இல் சீனாவில் புள்ளியில் வென்று, அடுத்த வருஷம் சாவ் பாலோவில் ஒரே லெஃப்ட் ஹுக் குத்தில் படுக்க வைத்தவர். இதற்கெல்லாம் முன்பே, 2015இல், பிரேசிலின் ஜங்கிள் ஃபைட் போட்டியில் முதல் எம்எம்ஏ சண்டை போட்டு, மூன்றாவது ரவுண்டில் கழுத்துப் பிடியில் மாட்டித் தோற்றவர். காசு மட்டும்தான் குறி என்றால் அத்தோடு விட்டுவிட்டுத் தெரிந்த வேலையைப் பார்த்திருப்பார்.

"கிக்பாக்ஸிங்கில் வகிடோவிடம் தோற்றதால்தான் கிளம்பினார்" என்று ஒரு வாதம். தேதியையாவது பாருங்கள். வகிடோவ் சண்டை 2021 ஜனவரி. எல்எஃப்ஏ என்ற அமெரிக்க எம்எம்ஏ போட்டியில் பெரேரா எம்எம்ஏவுக்குத் திரும்பி முதல் ரவுண்டிலேயே நாக்அவுட் செய்தது 2020 நவம்பர். முதலில் கிளம்பினார், அப்புறம்தான் தோற்றார்.

கிளம்புவது என்றால் என்னவென்று பேசுகிறவர்களுக்குப் புரிகிறதா என்பதே சந்தேகம். கிக்பாக்ஸிங்கில் பெரிய கிளவுஸ், இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்தாலே சுவர் மாதிரி நிற்கும். எம்எம்ஏவின் நான்கு அவுன்ஸ் கிளவுஸில் அதே கார்டு (தடுப்பு) போட்டால் நடுவில் குத்து புகுந்துவிடும். அங்கே நிமிர்ந்து நின்று உதைக்கலாம், இங்கே உதைத்த காலைப் பிடித்தால் அடுத்த நொடி முதுகு தரையில். மூன்று நிமிஷ ரவுண்டு ஐந்து நிமிஷமாகிறது. பத்து வருஷமாக உடம்பில் ஊறியதைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாணவனாக உட்கார வேண்டும். 34 வயதில் யுஎஃப்சிக்குள் வந்தவர் அதைச் செய்தார்.

சுலபம் என்பவர்கள் கோகான் சகியைப் பார்க்கட்டும். அவரும் குளோரி சாம்பியன்தான், கையும் காலும் மின்னல். யுஎஃப்சியில் இரண்டே சண்டை. 2018இல் கலீல் ரவுன்ட்ரீ முதல் ரவுண்டிலேயே சாய்த்துவிட்டார். அதே ரவுன்ட்ரீயை 2024இல் பெரேரா நான்காவது ரவுண்டில் வீழ்த்தினார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நானும் கிக்பாக்ஸிங் பழகி மெடல் வாங்கியவன்தான். முப்பதைத் தாண்டியபின் கிராப்ளிங் (பிடித்துச் சாய்க்கும் தரைச் சண்டை) கற்கப் போனேன், வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு காலேஜ் பையன்களின் வரிசையில் கடைசியில் நின்றேன். என்னைவிட ஒல்லியான ஒரு பையன் முழங்காலைக் கட்டிச் சாய்த்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவன் தாடையிலிருந்து வேர்வை என் கண்ணில் சொட்டுகிறது, துடைக்கக் கையை எடுத்தால் கையை மடக்கிவிடுவான். எழுந்ததும் "அண்ணா, முழங்கைய உடம்போட ஒட்டி வெச்சுக்கோங்க" என்று அவனே சொல்லியும் கொடுத்தான். அது வலிக்கவில்லை. பழைய ஜிம்மில் மாஸ்டர் ஜூனியர்கள் முன்னால் "இங்க ஒண்ணும் கிழிக்க முடியல, அங்க போய்ட்டான்" என்று சொன்னதுதான் வலித்தது. பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அந்த வீடியோவில் எனக்குக் கேட்டது அதே குரல்.

சரி, ஆரம்பத்தில் அவருக்கு நின்று அடிப்பவர்களாகவே கொடுத்தார்கள் என்கிறீர்கள். பெரும்பாலும் உண்மை. அதற்கு அவர் என்ன செய்வார், எதிராளியை அவரா தேர்ந்தெடுத்தார்? 2022 நவம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அடெசான்யாவே அவரைக் கீழே தள்ளி அழுத்தி வைத்திருந்தார். நான்கு ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களிடமும் பெரேரா பின்தங்கியிருந்தார். ஐந்தாவதில் முடித்தார். 2025 மார்ச்சில் மல்யுத்தத்துக்குப் பெயர்போன ரஷ்யாவின் தாகெஸ்தானிலிருந்து வந்த அங்கலாயேவிடம் தோற்றபோது "மல்யுத்தம் தெரியாதவன்" என்று எழுதினீர்கள். பல முறை வேலியோடு அழுத்திப் பார்த்தும் அங்கலாயேவால் பெரேராவை ஒரு முறைகூடக் கீழே தள்ள முடியவில்லை, புள்ளியில்தான் வென்றார். அக்டோபரில் அதே அங்கலாயேவ் முதல் ரவுண்டைக்கூடத் தாண்டவில்லை. அன்றைக்கு உங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது "ஓடி வந்தவர்" என்கிறீர்கள்.

டயர் கடையில் வேலை பார்த்த பையன். குடியிலிருந்து வெளியே வர 21 வயதில் கிக்பாக்ஸிங் தொடங்கியவர். அதில் உச்சிக்குப் போனபின், தரைச் சண்டை கற்க சக பிரேசில்காரரான எம்எம்ஏ வீரர் குளோவர் டெஷேராவைத் தேடி அமெரிக்காவின் கனெக்டிகட்டுக்குப் போனவர். தன் ஊரில் சாம்பியனாகவே காலத்தை ஓட்டியிருக்கலாம், யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். மாறியதுதான் குற்றமா? ஒருவன் பாதி வழியில் புதிதாக ஒன்றைக் கற்கப் போனால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

கமென்ட்டில் சண்டைக்கு வருபவர்கள் முதலில் 2023 ஜூலையில் யான் பிளாஹோவிச்சோடு நடந்த சண்டையின் முதல் ரவுண்டைப் பாருங்கள். பிளாஹோவிச் முன்னாள் சாம்பியன், ஜியு-ஜிட்சு என்ற தரைச் சண்டைக் கலையில் பிளாக் பெல்ட், பெரேராவைக் கீழே போட்டு முதுகில் ஏறிவிட்டார். பெரேரா அதிலிருந்து தப்பி, அந்தச் சண்டையை வென்றார். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அந்த வீடியோவின் லிங்க்கையே திரும்ப ஒட்டினால் அழித்துவிடுவேன்.