கன்னி மூலைக்கு மேட்டாம், ஈசானியத்துக்கு கிளாஸாம்!

சனிக்கிழமை என் தங்கை வீட்டுப் புதுமனை விழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இங்கே இருக்கிறீர்கள். நடந்ததைக் கண்ணால் பார்த்தீர்கள். அன்று ராத்திரியே எழுதியிருப்பேன். கோபத்தில் ஆள் பெயரைச் சொல்லிவிடுவேனோ என்று நாலு நாள் ஆறப்போட்டேன். ஆறவில்லை.

வராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். (பெயிண்டில் மேட் என்றால் மினுங்காதது, கிளாஸ் என்றால் பளபளப்பது, செமி கிளாஸ் இரண்டுக்கும் நடுவில்.) பால் காய்ச்சி, சாப்பாடு முடிந்த நேரம். மாப்பிள்ளை அழைத்து வந்திருந்த வாஸ்து ஆலோசகர் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டை வலம் வந்தார். தென்மேற்கு அறைச் சுவரை விரலால் தட்டி, "கன்னி மூலை கனமா இருக்கணும். இங்க போய் செமி கிளாஸ் அடிச்சிருக்கீங்களே, காசு வழுக்கிட்டுப் போயிடும்" என்றார். கூடத்துக்கு வந்து வடகிழக்குச் சுவரைப் பார்த்தார். "ஈசானியத்துல மேட் அடிச்சா வெளிச்சத்தை முழுங்கிடும். யாரு அடிச்சது இதை?"

அடித்தவர் பாயசக் கிண்ணத்தோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எங்கள் அப்பா.

அப்பா ஒன்றும் பேசவில்லை. கிண்ணத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையால் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்புறம் சமையலறைப் பக்கம் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. இதற்கா இத்தனை பெரிய பதிவு என்று கேட்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

சொல்ல வந்தது ஒன்றுதான். சுவரின் பளபளப்பைத் திசை தீர்மானிப்பதில்லை. அந்தச் சுவரைத் தொடப்போகும் கை, அதில் படப்போகும் தண்ணீர், அதன்மேல் விழும் வெளிச்சம், இந்த மூன்றும்தான் தீர்மானிக்கும்.

அந்தத் தென்மேற்கு அறையில் படுக்கப்போவது யார்? மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு வாண்டுகள். தலையில் எண்ணெய், கையில் கிரேயான். மேட் பெயிண்டில் எண்ணெய்க் கறையைத் துடைத்துப் பாருங்கள். கறை பாதி போகும். தேய்த்த இடம் மட்டும் தனியாக மினுங்கிக்கொண்டு காலம் முழுக்க நம்மைப் பார்த்துச் சிரிக்கும். செமி கிளாஸ் என்றால் ஈரத்துணியே போதும். பேரப்பிள்ளைகளின் கையை மனதில் வைத்து அப்பா அதை அடித்தார்.

கூடத்துச் சுவருக்கு வேறு கதை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவர் அது. பெயிண்டைத் திறப்பதற்கு முன்னால் அப்பா விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மேலிருந்து கீழாக நகர்த்தினார். நேராகப் பார்த்தபோது பலகை மாதிரி இருந்த சுவர், டார்ச் வெளிச்சத்தில் குட்டிக் குட்டி அலையாகத் தெரிந்தது. "இதுல கிளாஸ் அடிச்சா சாயங்காலம் பார்க்க அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும்மா" என்றார். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, சீலர் என்னும் அடிப்பூச்சு ஒரு கோட்டு, அதன்மேல் மேட் இரண்டு கோட்டு. வெளிச்சத்தை முழுங்கும் சுவராம்! வெள்ளை மேட் பெயிண்ட் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பித்தான் தருகிறது. எல்லாப் பக்கமும் சிதறடித்துத் தருகிறது, கிளாஸ் ஒரே பக்கமாக அடிக்கிறது. அறை இருட்டாக இருக்குமா இல்லையா என்பது பெயிண்டின் நிறத்தையும் ஜன்னலையும் பொறுத்த விஷயம்.

அந்தத் திசைகாட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் வடக்கு பார்த்தது எங்கே நின்று? பாம் ஷெல்டர் கதவுக்குப் பக்கத்தில். சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே கட்டித் தரும் குண்டுப் பாதுகாப்பு அறை அது. நாம் எல்லாரும் அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் போட்டு வைத்திருக்கிறோமே, அதே அறைதான். சுவர் முழுக்கக் கம்பி, கதவு இரும்பு. அவர் போனபிறகு என் கைப்பேசியை அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டடி தள்ளி வைத்தால் வடக்கு வேறு பக்கம் போகிறது. ஈசானியமே எது என்று தெரியாத நிலையில் ஈசானியத்துக்கு என்ன பெயிண்ட் என்று தீர்ப்பு.

"வடக்குச் சுவரில் வெயிலே படாது, அதனால் அங்கே பளபளப்பு வேண்டும்" என்றும் ஒரு விளக்கம் கொடுத்தார். ஐயா, நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி மேலே உட்கார்ந்திருக்கிறோம். ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போகிறது, டிசம்பரில் தெற்கே. சிங்கப்பூரில் வடக்குச் சுவரும் ஏறக்குறைய அரை வருஷம் வெயில் வாங்கும். எந்த ஊர் வெயிலை வைத்து இந்த ஊர்ச் சுவருக்குச் சாஸ்திரம் சொல்கிறீர்கள்?

இப்போது வருவார்கள். "நம்பிக்கையைக் கேலி செய்யாதே." நான் செய்யவில்லை. அன்று வாசலில் மாவிலை கட்டியதும் நான்தான், கோலம் போட்டதும் நான்தான். என் வீட்டிலும் சாமி கிழக்கு பார்த்துத்தான் இருக்கிறது. பழைய வாஸ்து நூல்கள் மண்ணின் நிறம், மணம், சுவை பார்க்கச் சொல்கின்றன; வாசல், அளவு, முற்றம் என்று பேசுகின்றன. மேட், சாட்டின், செமி கிளாஸ் என்று டின்னில் வரும் அக்ரிலிக் எமல்ஷன் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த சரக்கு. அதை எந்த முனிவர் எந்த மூலைக்கு ஒதுக்கினார்?

"சீனர்கள் ஃபெங் சுயி பார்ப்பதில்லையா?" பார்க்கட்டும். பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இதெல்லாம் ஏன் பெயிண்டில் வந்து விடிகிறது என்று யோசித்தேன். வீவக வீட்டில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டித் தரும் அரசு அடுக்குமாடி வீட்டில், வேறு எதை மாற்ற முடியும்? திசையைத் தேர்ந்தெடுத்தா வீடு வாங்குகிறோம்? குலுக்கலில் வந்த எண்ணுக்கு, இந்த இனத்தாருக்கு இத்தனை வீடு என்று ஒதுக்கும் இனக் கோட்டாவில் மீதி இருந்ததில் ஒன்று. தங்கை தேர்வு செய்யப் போனபோது நம் கோட்டாவில் மிச்சம் இருந்தவற்றில் கிழக்கு பார்த்தது ஒன்றுகூட இல்லை. வாசலை நகர்த்த முடியாது. தாங்கு சுவரில் கை வைக்க முடியாது. புது வீட்டில் முதல் மூன்று வருஷம் குளியலறைத் தரை டைல்ஸைப் பெயர்க்கவும் விடமாட்டார்கள். மிஞ்சுவது பெயிண்ட் ஒன்றுதான். அதனால்தான் எல்லாத் தோஷமும் அதன் தலையில் வந்து இறங்குகிறது. குளியலறை தெற்கில் இருப்பதால் அங்கே மேட் அடிக்க வேண்டுமாம். நம் ஊர் ஈரத்துக்கு, வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் கூரையில் கரும்பூஞ்சணம் படர்ந்துவிடும். அப்போது அவர் வந்து துடைப்பாரா?

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா ஒருநாள் எங்களைப் புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாமி கும்பிட இல்லை, சுவர் பார்க்க. 1856இல் அடிக்கல் வைத்து, 1861இல் முதல் வழிபாடு நடந்த கட்டடம். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் கலந்து பூசி, காய்ந்தபிறகு வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்களாம். மெட்ராஸ் சுண்ணம் என்று பெயர். அப்பா எங்கள் கையைப் பிடித்து ஒரு தூணைத் தொட வைத்தார். "நம்ம ஆளுங்க கை வேலை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்தக் கைதிகள் எந்த மூலைக்கு எவ்வளவு மினுக்கம் என்று திசை பார்த்தா தேய்த்தார்கள்?

சரி, பெயிண்டை விட்டு எங்கேயோ வந்துவிட்டேன். வரட்டும். 1983இல் தொடங்கி 38 வருஷம் இந்த ஊர் புளோக்குகளில் ரோலர் பிடித்தவர் என் அப்பா. வலது தோளை இன்றைக்கும் முழுதாகத் தூக்க முடியாது. அந்த மனிதர் பன்னிரண்டு நாள், ஒரு காசு வாங்காமல், மகள் வீட்டுக்கு அடித்த பெயிண்ட் அது. அரை மணி நேரம் கைப்பேசியோடு நடந்தவருக்கு 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உறை. அடித்தவருக்கு "யாரு அடிச்சது இதை?"

"மாப்பிள்ளைக்கு வேலை போய் இரண்டு மாதம், பயத்தில் கேட்கிறார், அதைப் புரிந்துகொள்" என்கிறார்கள். புரிகிறது. நிஜமாகவே புரிகிறது. அந்தப் பயத்தை வைத்துத்தானே அந்த ஆள் பிழைக்கிறார்? சுவர் வழுக்கி யாருக்கும் வேலை போகவில்லை.

"ஒரு கோட்டு மாற்றி அடித்தால் என்ன குடி முழுகிவிடும்?" இதுதான் எனக்குத் தாங்கவில்லை. செமி கிளாஸ் மேல் அப்படியே அடித்தால் பிடிக்காது, உரிந்து வரும். சுவர் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து மினுக்கத்தைக் கொல்ல வேண்டும். அந்தத் தூசியை இழுக்கப்போவது இரண்டு பிள்ளைகளின் மூக்கு. தேய்க்கப்போவது யார் என்று நினைக்கிறீர்கள்?

நேற்று அப்பா போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை போய் மாத்தி அடிச்சுக் கொடுத்துடறேன்மா, பிள்ளைங்க நிம்மதியா இருக்கட்டும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

தங்கச்சி, நீ இதைப் படிப்பாய், எனக்குத் தெரியும். கோபித்துக்கொள், பரவாயில்லை. உப்புத்தாள் நான் வாங்கிக்கொண்டு வருகிறேன், நானே தேய்க்கிறேன். நான் வருவதற்குள் அவரை ஏணியில் ஏற விடாதே.