மாஸ்டர், மூச்சு விடலாமா?

ஆரணிப் பக்கத்து ஊர் ஒன்றில் மாரியம்மன் கோயில். ஆடி வெள்ளிக்குக் கூழ் வார்க்கும் திருவிழா நாளைக்கு. பந்தலின் மூங்கில் காலில் ஏணியைச் சாய்த்துக் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருக்கிறார் மைக் செட் பழனி. அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பொருள்கள் இருக்கும்: ஒரு டெஸ்டர், ஓர் இன்ஹேலர். ஒன்று கரண்டுக்கு, இன்னொன்று காற்றுக்கு. கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் கீபோர்டு ஏழுமலை. இருபது வருடமாகக் கல்யாணக் கச்சேரிகளில் அடுத்தவர் போட்ட மெட்டையே வாசித்து வந்தவர், இந்த வருடம் அம்மனுக்குச் சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டிருக்கிறார். ஊர் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லி முடித்துவிட்டது. முடித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பழனி: (ஏணி மேலிருந்து) மாஸ்டர், நாளைக்கு எதைப் போடுவது? பென் டிரைவில் ஆறு பாட்டு இருக்கிறது. ஆறுக்கும் ஒரே பெயர்.

ஏழுமலை: பாட்டு ஒன்றுதான் பழனி. கருத்துதான் ஆறு.

பழனி: முதலாவது?

ஏழுமலை: அது என்னுடையது. யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் போட்டது. இரண்டாவது, விழாக் கமிட்டித் தலைவருக்காக. "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ குறைகிறது" என்றார். என்ன குறைகிறது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன்.

பழனி: என்ன குறைந்தது?

ஏழுமலை: அவர் பெயர்.

பழனி: அம்மன் பாட்டிலா?

ஏழுமலை: "திருப்பணி செய்த செம்மலைக் காக்க வா தாயே" என்று இரண்டாம் சரணத்தில் பெயரோடு சேர்த்துவிட்டேன். இப்போது முதல் சரணம் எதற்கு என்று கேட்கிறார்.

பழனி: மூன்றாவதை நேற்று போட்டுப் பார்த்தேன் மாஸ்டர். பாக்ஸ் மேல் வைத்திருந்த டீ டம்ளர் தானாக நடந்து போய்க் கீழே விழுந்தது.

ஏழுமலை: அது தலைவர் மகன் கேட்டது. "அங்கிள், பேஸ் பத்தவில்லை" என்றான்.

பழனி: கூம்பில் ஏது பேஸ்? பேச்சுக்குரலைத் தூரத்துக்கு எறிவதற்காகச் செய்த சாமான் இது. கீழ்க்குரல் இதில் ஏறாது. பாக்ஸ் இரண்டும் பந்தலுக்குள்ளேதான், ஊருக்கெல்லாம் கூம்புதான். அந்தப் பையன் கேட்ட பேஸ் அந்தப் பையனுக்கு மட்டும்தான் கேட்கும்.

ஏழுமலை: இதை முன்பே சொல்லியிருந்தால் இரண்டு ராத்திரி மிச்சமாகியிருக்குமே!

பழனி: ஊரில் எல்லோரையும் கேட்டீர்கள். மைக் செட்காரனைக் கேட்கவில்லையே.

(பழனி இரண்டு படி இறங்கி நின்று மூச்சு வாங்குகிறார். பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். மறுபடி ஏறுகிறார்.)

ஏழுமலை: என் பாட்டை நான் பார்த்துப் பார்த்துச் செய்தேன் பழனி. ராகம் ஹிந்தோளம். அதில் ரிஷபமும் கிடையாது, பஞ்சமமும் கிடையாது. ஐந்தே சுரம்.

பழனி: மெதுவாகப் பேசுங்கள். ஏழு சுரத்தில் இரண்டைக் காணோம் என்று பொருளாளருக்குத் தெரிந்தால், உங்கள் தொகையில் ஏழில் இரண்டு பங்கைப் பிடித்துக்கொள்வார்.

ஏழுமலை: தாளம் மிஸ்ர சாபு. தகிட தகதிமி, தகிட தகதிமி. மூன்றும் நாலும் ஏழு.

பழனி: உங்கள் பெயர் ஏழுமலை என்பதாலா?

ஏழுமலை: இல்லை! அந்த நடையில் ஒரு சாய்வு இருக்கிறது. தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி அசைந்து வருவது போல. அதைக் கேட்டுத்தான் மெட்டே பிறந்தது. அதைப் போய் தெற்குத் தெரு ஆயா என்ன சொன்னது தெரியுமா?

பழனி: கும்மி ஆயாவா?

ஏழுமலை: "தம்பி, உன் பாட்டில் முதல் சுற்று வலது காலில் ஆரம்பிக்கிறது, அடுத்த சுற்று இடது காலில் ஆரம்பிக்கிறது. முன்பெல்லாம் ஒரு முட்டிதான் வலிக்கும், இப்போது இரண்டும் வலிக்கிறது" என்றது.

பழனி: ஆயா கணக்கு சரிதானே மாஸ்டர்? ஏழு ஒற்றைப்படை. அடிக்கு ஒரு கால் வைத்தால் அடுத்த சுற்றில் கால் மாறத்தான் செய்யும்.

ஏழுமலை: கணக்கு சரிதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

(இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆறு கருத்தில் இசை பற்றிய கருத்து ஆயாவுடையது மட்டும்தான். ஆயாவுக்கு அது தெரியாது. முட்டிவலி பற்றிப் பேசியதாகத்தான் அது இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறது.)

பழனி: பூசாரி என்ன சொன்னார்?

ஏழுமலை: "இதற்குச் சாமி வராது" என்றார். அதற்குத் தனி ராகம் இருக்கிறதா என்று கேட்டேன். முறைத்தார்.

பழனி: ராகம் இல்லை மாஸ்டர், ஓட்டம். முப்பது வருடமாகப் பம்பைக்காரர்களுக்கு மைக் வைக்கிறேன். மெதுவாகத் தொடங்குவார்கள். உடுக்கை சேரும், கைச்சிலம்பு சேரும், கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். எங்கேயாவது ஒரு அம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தால் அந்தப் பக்கம் திரும்பி நின்று அடிப்பார்கள். உங்கள் பாட்டு கம்ப்யூட்டரில் ஆரம்பித்த வேகத்திலேயே முடிகிறது. அதற்குச் சாமி வராது, கரண்ட் பில்தான் வரும்.

ஏழுமலை: சரி, சரி. ஆறாவதில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். பேஸ், பம்பை, தலைவர் பெயர், இரட்டைப்படைத் தாளம், நடுவில் சங்கு. நேற்று கமிட்டியில் போட்டுக் காட்டினேன்.

பழனி: என்ன சொன்னார்கள்?

ஏழுமலை: "பழசே பரவாயில்லை" என்றார்கள். எந்தப் பழசு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு நம்பர் சொல்கிறார்கள்.

பழனி: வீட்டில் அண்ணி?

ஏழுமலை: வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அரை நிமிடம் சந்தோஷமாக இருந்தேன்.

பழனி: (சிரிக்கப் போய் இருமுகிறார்) மாஸ்டர், இது உங்களுக்கு மட்டும் வந்த கஷ்டமா? பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் வந்திருக்காதா?

ஏழுமலை: பீத்தோவனுக்கே வந்தது. நாலு பேர் வாசிக்கிற வயலின் கோஷ்டிக்கு அவர் எழுதிய ஒரு படைப்பை 1826இல் வியன்னாவில் முதன்முதலாக வாசித்தார்கள். கடைசிப் பகுதி யாருக்கும் புரியவில்லை. பதிப்பாளர் வேறு முடிவு எழுதித் தரும்படி ஆள் அனுப்பிக் கேட்டார். பீத்தோவன் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பழனி: அவருக்குக் காது கேட்காது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

ஏழுமலை: ஆமாம்.

பழனி: காதே கேட்காதவர் அடுத்தவர் சொன்னதைக் கேட்டிருக்கிறார்!

ஏழுமலை: சும்மா இல்லை. புது முடிவுக்குத் தனியாகப் பணம் கொடுத்தார்கள். பழைய முடிவைத் தூக்கியும் போடவில்லை, அதைத் தனிப் புத்தகமாக அச்சிட்டார்கள். அதற்கும் பணம்.

பழனி: பார்த்தீர்களா! ஆறு தரம் மாற்றியிருக்கிறீர்கள். கமிட்டி எவ்வளவு கொடுத்தது?

ஏழுமலை: ஒரு சால்வை.

பழனி: ஆறு பாட்டுக்குமா?

ஏழுமலை: தருகிறோம் என்றிருக்கிறார்கள்.

(பழனி ஆறுதலாக ஒன்றும் சொல்லாமல் கூம்பைக் கோயில் பக்கமிருந்து தலைவர் வீட்டுப் பக்கமாக அரை அடி திருப்பிக் கட்டுகிறார்.)

ஏழுமலை: அதைவிட ராக்மானினாஃப் கதை உனக்குப் பிடிக்கும். ரஷ்யாக்காரர், பியானோவில் பெரிய கை. 1931இல் ஒரு பழைய மெட்டை எடுத்து 20 விதமாக மாற்றி எழுதினார். அதைக் கச்சேரிக்குக் கச்சேரி வாசிக்கும்போது என்ன செய்தார் தெரியுமா? கூட்டத்தில் இருமல் அதிகமானால் அடுத்த பகுதியைத் தாண்டிவிடுவார். இருமல் இல்லையென்றால் வரிசையாக வாசிப்பார். நண்பருக்கு அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு சின்ன ஊரில் இருமின இருமலில் 10தான் வாசிக்க முடிந்ததாம். நியூயார்க்கில் 18 வரை போனாராம்.

பழனி: நல்ல மனிதர். நியாயமானவர்.

ஏழுமலை: எனக்கு அது கோழைத்தனமாகத் தோன்றியது. ஆனால் இந்த ஆறு பாட்டுக்குப் பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் யாரையும் கருத்துக் கேட்கவில்லை பழனி. இருமல் பொய் சொல்லாது.

பழனி: அதுதான் விஷயம். நானும் வாயைக் கேட்பதில்லை. கூழ் வாங்க வரிசையில் நிற்கிறார்கள் அல்லவா, சொம்பையும் தூக்குவாளியையும் வைத்துக்கொண்டு? பாட்டுப் பிடித்துவிட்டால் விரல் தானாகச் சொம்பில் தட்டும். போன வெள்ளிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் உங்கள் முதல் பாட்டை வரிசைக்குப் போட்டேன்.

ஏழுமலை: (நாற்காலியிலிருந்து எழுந்து) போட்டாயா! தட்டினார்களா?

பழனி: தட்ட ஆரம்பித்தார்கள். நாலு சுற்று தட்டினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். ஆனால் ஒருவரும் வரிசையை விட்டுத் திரும்பிப் பேசவில்லை, கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடித்திருந்தது, பிடிதான் கிடைக்கவில்லை.

ஏழுமலை: பிடி கிடைக்கவில்லை என்றால்?

பழனி: அது எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒயர்தான் தெரியும்.

(பழனி இறங்கி வந்து ஒயரை முழங்கையில் சுற்றத் தொடங்குகிறார். சுற்றிக்கொண்டே தன்னையறியாமல் பாடுகிறார்.)

பழனி: "வேப்பிலை ஏந்தி வருகிறாள்..." ஹ்ஹ்... "வெயிலை மழையாய்த் தருகிறாள்..." ஹ்ஹ்...

ஏழுமலை: நிறுத்து. அது என் பாட்டு.

பழனி: மன்னியுங்கள் மாஸ்டர். வாரம் முழுக்க ஆறு தினுசாகக் கேட்டதில் ஒட்டிக்கொண்டது.

ஏழுமலை: தப்பாகப் பாடுகிறாய். ஏழு முடிந்ததும் அடுத்த ஏழு உடனே வர வேண்டும். நீ நடுவில் ஒன்றைச் சொருகுகிறாய். யார் அப்படிப் பாடச் சொன்னது? தலைவரா?

பழனி: யாரும் சொல்லவில்லை. இடமே விடாமல் பின்னியிருக்கிறீர்கள், நான் மூச்சு விட வேண்டாமா?

ஏழுமலை: இன்னொரு தரம் பாடு.

(பழனி பாடுகிறார். ஏழுமலை தொடையில் தட்டுகிறார். தகிட தகதிமி, ஹ்ஹ். தகிட தகதிமி, ஹ்ஹ். மூன்றாம் சுற்றில் ஏழுமலையின் பாதமும் சேர்ந்துகொள்கிறது. வலது காலில் தொடங்கியது, வலது காலிலேயே மறுபடி தொடங்குகிறது.)

ஏழுமலை: அடப் பாவி! எட்டு!

பழனி: என்ன எட்டு?

ஏழுமலை: மெட்டில் ஒரு சுரம் மாறவில்லை. சாய்வு அப்படியே இருக்கிறது. ஆனால் சுற்று எட்டாகிவிட்டது. ஆயாவுக்குக் கால் மாறாது. கூட்டத்துக்குப் பாடவும் வரும், தட்டவும் வரும். அந்த எட்டாவது இடத்தை நான் காலியாக விட்டுவிடுகிறேன். பம்பைக்காரர் அங்கே ஒரே ஒரு அடி வைக்கட்டும். கம்ப்யூட்டர் வேண்டாம், நாளைக்கு நேரில் வாசிக்கிறேன். அவர் ஏற்ற ஏற்ற நானும் ஏறுகிறேன்.

பழனி: தலைவர் பெயர்?

ஏழுமலை: அதை நீ மைக்கில் அறிவித்துக்கொள். பாட்டுக்கு முன்னால் இரண்டு தரம், பின்னால் இரண்டு தரம். பாட்டுக்குள் வேண்டாம்.

பழனி: அவருக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். ஊருக்கெல்லாம் கேட்குமே!

ஏழுமலை: ஒரு மாதமாக ஊரே சேர்ந்து சொல்லத் தெரியாததை நீ ஒருவன் சொல்லிவிட்டாய் பழனி. எப்பேர்ப்பட்ட ஆலோசனை!

பழனி: அது ஆலோசனை இல்லை மாஸ்டர், இளைப்பு.

ஏழுமலை: என்னவாக இருந்தால் என்ன! சரணத்திலும் இதே மாதிரி எங்கே இடம் விட வேண்டும் என்று தெரிய வேண்டும். அது இன்னும் நீளம். எங்கே, சரணத்தைப் பாடு.

பழனி: ஒரு நிமிடம் மாஸ்டர், ஏணி ஏறி இறங்கியதில் நெஞ்சை அடைக்கிறது. (பையிலிருந்து இன்ஹேலரை எடுக்கிறார்) இரண்டு இழுப்பு இழுத்துவிட்டால் சரணம் முழுவதையும் ஒரே மூச்சில் பாடிவிடுவேன்.

ஏழுமலை: (பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு) ஐயையோ, அதை உள்ளே வை! ஒரே ஒரு சரணம் பழனி, அப்புறம் இழுத்துக்கொள்!