சுவரொட்டியின் கீழ் மூலையையும் பாருங்கள்

பழைய அமெரிக்கச் சுவரொட்டி ஒன்றின் படத்தைப் போட்டு நிர்வாகம் அச்சிட்டுக் கொடுத்த மகளிர் தின வாழ்த்து அட்டையைப் பற்றி, அந்தப் படம் யாரையும் விடுவிக்கவில்லை என்று நான் எழுதிய இரண்டு வரிக்கு இத்தனை வசவு விழும் என்று எதிர்பார்க்கவில்லை. பெண்களை அடுப்படியிலிருந்து விடுவித்த சுவரொட்டியை நான் இழிவுபடுத்திவிட்டேனாம். வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் துணியைத் தலையில் கட்டி, நீலச் சட்டைக் கையை ஏற்றிவிட்டு, 'நம்மால் முடியும்' என்று முஷ்டியை உயர்த்தும் அந்தப் பெண் யாரையும் எங்கிருந்தும் விடுவிக்கவில்லை என்றே மறுபடியும் சொல்கிறேன்.

படத்தின் கீழ் மூலையில், பிப்ரவரி 15 முதல் 28 வரை ஒட்டவும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. 1943இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் என்ற மின்கருவி நிறுவனத்துக்காக ஜே. ஹோவர்ட் மில்லர் வரைந்து, அதன் ஆலைகளுக்குள் இரண்டு வாரம் மட்டும் தொங்கிய தாள் அது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கானது, வீட்டிலிருந்த பெண்களை வேலைக்கு அழைத்ததல்ல. அவள் சட்டைக் காலரில் குத்தியிருப்பதும் நிறுவனத்தின் ஊழியர் வில்லைதான். அதே வரிசையில் வந்த இன்னொன்று, வேலையில் சந்தேகமிருந்தால் மேற்பார்வையாளரைக் கேள் என்கிறது. 1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கி, அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கிய பின், போர் முடியும்வரை வேலைநிறுத்தம் இல்லை என்று தொழிற்சங்கத் தலைமைகள் வாக்களித்திருந்த காலத்தில், தொழிலாளர் முணுமுணுக்காமல், லீவு போடாமல் உழைக்க வேண்டும் என்பதே நிர்வாகத்தின் கவலை. (போர்க்கால ஆலைப் பெண்களுக்கு வழங்கிய 'ரோஸி' என்ற பெயரால் இவளை அழைப்பதும் பிற்காலத்து ஒட்டு. அதே ஆண்டு மே மாதம் ஓவியர் நார்மன் ராக்வெல் பத்திரிகை அட்டையில் வரைந்த ரோஸி, மடியில் உலோகத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்கும் கருவியும் கையில் சாண்ட்விச்சுமாக உட்கார்ந்திருப்பவள்.)

"எதற்காக வரைந்தால் என்ன, இன்று அர்த்தம் மாறிவிட்டதே" என்பீர்கள். மாறட்டும். 1980களில் பெண்கள் இயக்கம் அவளைத் தனதாக்கிக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இந்த அட்டையை அச்சிட்டுக் கொடுத்தது பெண்கள் இயக்கமா, நிர்வாகமா?

என் அம்மா தைத்த ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில், 'உங்கள் உழைப்பே நம் உயர்வு' என்ற பலகைக்குக் கீழே ஓர் ஆணியில் கழிப்பறை டோக்கன் தொங்கும். ஒரு தையல் லைனுக்கு ஒரே டோக்கன், அது கையில் இருந்தால்தான் எழுந்து போகலாம். அதற்காகக் காத்திருந்தவரின் மகளுக்குத்தான் பெண் விரோதி என்று பட்டம் கட்டியிருக்கிறீர்கள், மிக்க நன்றி.

1945இல் போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும், வேலையில் தொடர விரும்பிய ஏராளமான பெண்களை அதே அமெரிக்க ஆலைகள் வீட்டுக்கு அனுப்பின. எனக்கு வரலாறு தெரியாது என்று எழுதிய அண்ணன்மார் அந்தப் பகுதியையும் படித்துவிட்டு வரட்டும். அதுவரை அந்த அட்டையை என் இன்பாக்ஸுக்கு அனுப்பாமலாவது இருக்கட்டும்.