எழுந்து போனவர் எழுதிய விமர்சனம்

சனிக்கிழமை நம் புதுச்சேரிக் கடற்கரை மணலில், மேடையிலேயே பாட்டை விரித்துக்கொண்டு போகும் ஜாம் பேண்ட் குழு ஒன்று நடத்திய கச்சேரியை மோசம் என்று நண்பர் ஒருவர் எழுதிய விமர்சனத்தைச் சில நாட்களாகத் திரும்பிய பக்கமெல்லாம் பார்க்கிறேன். எழுதியவர் யார், வாசித்த குழு எது என்று என்னைத் தொடர்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் அதைப் பகிர்ந்து, “இவர் சொல்வது நியாயம்தானே” என்று என் பெயரையும் அதில் இணைத்திருக்கிறீர்கள். நியாயம் இல்லை என்பதே என் பதில். காரணத்தையும் சொல்கிறேன். இடைவேளையோடு தாம் கிளம்பிவிட்டதாகவும், இரண்டாம் செட்டில் ‘ஒரே பாட்டை அரைமணி நேரம் இழுத்ததை’ நண்பர்கள் கைபேசியில் எடுத்த துண்டு வீடியோக்களில் பார்த்துத் தெரிந்துகொண்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். பாதியில் எழுந்து போனவர், கேட்காத பாதிக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறார் என்பதுதான் இதன் பொருள்.

மற்ற கச்சேரிகளில் பாதி கேட்டு ஒருவர் எதையோ எழுதினால் நான் கண்டுகொள்ளாமல் போயிருப்பேன். ஜாம் பேண்ட் கச்சேரியில் அது கூடாது. பாட்டுகளை ஒலிநாடாவில் இருந்தபடியே மேடையில் ஒப்பிக்கும் குழுக்கள் அல்ல இவை. ஒரு பாட்டை எடுத்து, அதன் பல்லவி சரணங்களை முடித்துவிட்டு, அங்கிருந்து வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே முன்கூட்டித் தீர்மானிக்காத இடத்துக்குப் போவதும், போன இடத்திலிருந்து வேறொரு பாட்டுக்குள் நுழைவதும், சில சமயம் சுற்றிக்கொண்டு பழைய பாட்டுக்கே திரும்பி வருவதும்தான் இந்த இசையின் உயிர். அந்தப் பயணத்தில் உடன் போகாதவரால் அது நன்றாக இருந்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது. பிடிக்கவில்லை என்று சொல்லலாம், கிளம்பி வீட்டுக்குப் போகலாம், அதில் எவருக்கும் குறை இல்லை. விமர்சனம் என்று தலைப்பிட்டு எழுதுவதற்கு இருந்து கேட்டிருக்க வேண்டும்.

அவர் ‘ஒரே பாட்டு’ என்று எழுதிய பகுதியில் நடந்தது இதுதான். பாட்டின் வரிகள் முடிந்து சில நிமிடங்களில் கிட்டார்காரர் மூல மெட்டை விட்டு விலகினார். அவர் விட்ட கடைசிப் பிடியைக் கீபோர்டு வாசித்தவர் எடுத்துக்கொண்டு, அதையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு போனார். அதைக் கேட்ட டிரம்ஸ் இளைஞர் நாலு எண்ணிக்கையிலிருந்து ஏழு எண்ணிக்கைக்கு மாறினார்; பேஸ் கிட்டார் வாசித்த பெண் மட்டும் நாலிலேயே அசையாமல் நின்றார். ஏழும் நாலும் 28 அடிக்கு ஒருமுறைதான் ஒன்றாக வந்து விழும். அந்த ஒன்று சேரும் இடத்தைக் கிட்டார்காரர் கண்டுகொண்டு, அதை நோக்கித் தன் சுரக்கோவைகளை நெய்து, மூன்றாம் சுற்றில் நால்வரும் ஒரே அடியில் வந்து இறங்கியபோது மணலில் உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. தவிலில் கோர்வை என்ற கணக்கு முடிப்பை வைத்துச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழுவதைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் பிறகு அவர்கள் இசையை மிக மெல்லிய நிலைக்குக் கொண்டுவந்து, நிறுத்தாமலேயே இரண்டாவது பாட்டுக்குள் போய், அதைப் பாடி முடித்து, மீண்டும் முதல் பாட்டின் கடைசிச் சரணத்துக்குத் திரும்பினார்கள். ஆக, அது ஒரே பாட்டே அல்ல. கடைசிவரை இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த இந்த எளிய செய்தி, ஊரெல்லாம் பகிரும் அந்த விமர்சனத்தில் தவறாக இருக்கிறது.

எனக்கு அதிகம் வலித்தது வேறு ஒன்று. இந்த நண்பர் மார்கழி மாதம் முழுவதும் சென்னைச் சபாக்களைப் பற்றி உருகி உருகி எழுதுபவர். பாட்டின் சொற்களான சாகித்தியத்தின் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, தாளத்தில் அந்தச் சொற்களின் இடம் பிசகாமல், சுரப்போக்கை மட்டும் மாற்றி மாற்றி விரித்துப் பாடுவதுதான் நிரவல். ஒரே வரி கால்மணி நேரம் திரும்பத் திரும்ப வந்தாலும் அதைக் கேட்டு அவர் கண்ணீர் விட்டதாக எழுதியதை நான் விரும்பி வாசித்திருக்கிறேன். அங்கே மனோதர்மம் (அந்த நேரத்துக் கற்பனை) என்று கையெடுத்துக் கும்பிட்டவர், இங்கே அதே மனோதர்மத்தை ‘ஒத்திகை இல்லாமல் ஒப்பேற்றியது’ என்று எழுதுகிறார். ஒத்திகை இல்லாமல் ஏழையும் நாலையும் யாராலும் மோதவிட்டுச் சேர்க்க முடியாது. பல வருடம் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு மட்டுமே அது கைகூடும்.

‘பாட்டைவிட வெறும் வாத்தியம்தான் அதிகம்’ என்பது அவருடைய இன்னொரு குறை. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி வாசிக்கிறார்களே, அதில் எந்தச் சொல் இருக்கிறது? நாதசுரமும் தவிலும் மட்டுமே பேசுகிற அந்த இசையில்தான் நம் ஊர்களில் தெய்வமே தெருவுக்கு வருகிறது. சொல் இல்லாவிட்டால் இசை குறைபட்டது என்று இந்த மண்ணில் பிறந்த ஒருவர் எழுதலாமா?

“வெள்ளைக்காரர்களின் பாணிக்கு நீங்கள் ஏன் இவ்வளவு வக்காலத்து வாங்குகிறீர்கள்” என்று கேட்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். இந்த வகை இசைக்கு மூலவர்கள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற கிரேட்ஃபுல் டெட் குழு 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அதன் இரண்டு டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் நம் நாட்டுத் தாளக் கணக்கைத் தேடிப்போய்க் கற்றவர். அதே மிக்கி ஹார்ட் 1991இல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ இசைத்தொகுப்பில் ஜாகிர் உசேனும், நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் வாசித்திருக்கிறார்கள். உலக இசைக்கென்று முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கிராமி விருது 1992இல் அந்தத் தொகுப்புக்குத்தான் கிடைத்தது. அவர்கள் நம்மிடம் வந்து பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். நாம் அவர்கள் வழியில் வரும் ஒரு குழுவை ஒரு முழு இரவு கேட்க மாட்டோமா? பிரான்சில் 1982இல் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருவிழாவை ஆண்டுதோறும் கொண்டாடுகிற ஊர் இது; அன்னிய இசை என்று இங்கே சொல்வது எனக்குப் புரியவில்லை.

“டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவனுக்குக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு” என்பார்கள். உண்டு. டிக்கெட் விலை அதிகம் என்று எழுதுங்கள், கழிப்பறைக்கு அரைமணி நேரம் வரிசையில் நின்றதை எழுதுங்கள், நானும் நின்றேன். முதல் செட்டில் பேஸ் ஒலி மற்ற எல்லாவற்றையும் விழுங்கியதையும், கீபோர்டு கேட்கவே இல்லை என்பதையும் எழுதுங்கள். அது உண்மை, அதை யார் எழுதினாலும் நான் கையெழுத்துப் போடுவேன். கடலை முதுகுக்கு வைத்து மேடை போட்டிருந்ததால் தொடக்கத்தில் கடற்காற்று ஒலியைக் கூட்டத்தின் பக்கம் கொண்டுவந்தது. பின்னர் காற்று நிலத்திலிருந்து வீசத் தொடங்கியதும், காற்றை எதிர்த்து வரும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிட, பின்வரிசைக்காரர்களுக்குக் கிட்டாரின் மேல்சுரங்கள் தேய்ந்துதான் கேட்டிருக்கும். நடுவில் இன்னும் ஒரு வரிசை ஒலிபெருக்கி நிறுத்தியிருக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு அவர்கள் சுருதி சேர்க்க நேரம் எடுத்துக்கொண்டதை மட்டும் தயவுசெய்து குறையாக்காதீர்கள். உப்பும் ஈரமும் கலந்த காற்றில் கம்பி நிலைகொள்ளாது. அதே காற்றில் நாதசுரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியும் பதம் மாறும் என்பதை, நாதசுரக்காரர் இருந்த எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவோம்.

“ஆமைகள் கரையேறும் பருவத்தில் இத்தனை விளக்கும் சத்தமும் தேவையா” என்று கேட்டவர்களுக்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. அது கச்சேரி நடத்தியவர்கள் பதில் சொல்ல வேண்டிய நியாயமான கேள்வி. ஆனால் அந்த விமர்சனத்தில் ஆமையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதில் திரும்பத் திரும்ப வந்தது ‘நீளம்’ என்ற குற்றச்சாட்டுதான். நீளம் நீளம் என்று ஐந்து இடத்தில் எழுதியவர், அந்த நீளத்துக்குள் என்ன நடந்தது என்று ஓர் இடத்தில் கூட எழுதவில்லை.

இந்த இடத்தில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த நாதசுரக்காரர் அவர். மாசி மகத்தன்று பாடலீசுவரர் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும்போது பெரியப்பாவும் மேளத்தோடு வருவார். சுவாமி இறங்கி நிற்கும் நேரத்தில், அலைச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே, அவர் தோடி ராகத்தைத் தொடங்கினால் எப்போது முடிப்பார் என்று அவருக்கே தெரியாது. நாதசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே அதிகமாக ஓடும் கிராமபோன் தட்டில் அந்த மேதையின் தோடியைக் கேட்டவர்கள் வீதியில் அவர் மணிக்கணக்காக வாசித்ததைக் கேட்டவர்களாகிவிட மாட்டார்கள் என்று பெரியப்பா சொல்வார். கிரேட்ஃபுல் டெட்டின் கதையும் அப்படியே: ‘டார்க் ஸ்டார்’ என்ற பாட்டு 1968இல் மூன்று நிமிடத்துக்கும் குறைவான இசைத்தட்டாக வந்தபோது யாரும் பொருட்படுத்தவில்லை; அடுத்த ஆண்டு மேடையில் வாசித்ததை அப்படியே பதிந்து 23 நிமிடப் பாட்டாக வெளியிட்டபோதுதான் அவர்கள் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

பெரியப்பாவின் கடைசிக் காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு நானும் உடன் போயிருந்தேன். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, மண்டபத்தில் கூட்டம் சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரம். கரகரப்பிரியா ஆலாபனை அப்போதுதான் மேல்சட்சமத்தைத் தொட்டிருந்தது. பெண்வீட்டுக்காரர் ஒருவர் வந்து குனிந்து, “போதும் வித்வான், ரெண்டு சினிமாப் பாட்ட எடுத்து விடுங்க, சனங்க தூங்குது” என்றார். பெரியப்பா, “சரிங்க” என்று மட்டும் சொன்னார். சீவாளியைக் கழற்றித் துடைத்து, மாற்றிப் பொருத்திக்கொண்டு சினிமாப் பாட்டை வாசித்தார். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் அவர் ஆலாபனையே செய்யவில்லை. கேட்டால், “அங்க யாரு கேக்குறா” என்பார். அந்த மனிதர் கெட்டவர் அல்ல, பணத்தைக் குறைக்காமல் கொடுத்தார், வேட்டியும் கொடுத்தார். ஆனால் அவரைப் போன்ற நல்லவர்கள் ஒவ்வொருவராக வந்து ‘போதும்’ என்று சொல்லிச் சொல்லித்தான் ஒரு பெரிய வித்தை மண்டபங்களை விட்டே வெளியேறியது. அதனால் ‘இழுத்தார்கள்’ என்ற சொல்லை என்னால் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

பெரியப்பாவின் அந்தத் தோடியில் ஒரு நிமிடம் கூட இன்று எங்களிடம் இல்லை. யாரும் பதிவு செய்யவில்லை. கிரேட்ஃபுல் டெட் ரசிகர்களோ கூட்டத்துக்குள் மைக்கை உயர்த்திப் பிடித்து ஒவ்வொரு இரவையும் முழுதாக நாடாவில் பதிந்தார்கள். குழுவினர் அதைத் தடுக்கவில்லை என்பதோடு, 1984இல் பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். அதனால்தான் 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் வாசித்ததை இன்று புதுச்சேரியில் உட்கார்ந்து நான் கேட்க முடிகிறது. ஃபிஷ் என்ற அமெரிக்க ஜாம் பேண்ட் குழு 2017இல் நியூயார்க்கில் 13 இரவுகள் வாசித்து ஒரு பாட்டைக் கூடத் திருப்பிப் பாடவில்லை. அதே குழு 2016 முதல் மெக்சிகோவின் ரிவியரா மாயா கடற்கரையிலும் பல இரவுகள் வாசித்து வருகிறது. அந்தக் கச்சேரிகளைப் பற்றி ரசிகர்கள் எழுதுவதை வாசித்துப் பாருங்கள்: எந்தப் பாட்டு எந்தப் பாட்டுக்குள் நிற்காமல் போனது என்பதை அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்கள், எந்த இடத்தில் யார் யாரைக் கேட்கத் தவறினார், எந்த இடத்தில் வாசிப்பு வெறுமனே சுற்றிச் சுற்றி வந்தது என்று தங்களுக்குப் பிடித்த குழுவையே கண்டிக்கிறார்கள். கடற்கரையும் விடுமுறையும் இருந்தாலும் அவர்கள் கேட்பதை விடவில்லை.

சனிக்கிழமைக் குழுவும் எல்லா இடத்திலும் வென்றது என்று நான் சொல்லவில்லை. கடைசியில் வாசித்த நீண்ட பகுதி எங்கும் போய்ச் சேரவில்லை என்பது என் கருத்து. கிட்டார்காரர் சோர்ந்துவிட்டார், டிரம்ஸ் அவரை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. அதை எழுதியிருந்தால் அந்த இளைஞர்களுக்கும் பயன் இருந்திருக்கும். அந்தப் பகுதியைக் கேட்க நண்பர் அங்கே இல்லை.

அந்த விமர்சனத்தை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. குழுவினர் ஒலிக்கலவை மேசையிலிருந்தே கச்சேரி முழுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள்; கேட்பவர்களுக்கு அனுப்புவதாக மேடையிலேயே அறிவித்தார்கள், எனக்கும் வந்திருக்கிறது. நண்பருக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். இரண்டாம் செட்டை நிறுத்தாமல், கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் இல்லாமல், காதுக்கருவி மாட்டிக்கொண்டு அவர் ஒருமுறை கேட்கட்டும். கேட்டுவிட்டு மறுபடியும் மோசம் என்றே எழுதினாலும் நான் அதை என் பக்கத்தில் பகிர்கிறேன், அதன் கீழே மறுத்து ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.