விற்காமல் போவதும் கடைக்கே வராமல் போவதும் ஒன்றா?

மூன்று நாளாக அந்தப் பதிவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "பேரை மட்டும் பெரிசா வெச்சா போதாது" என்று, ரெக்கார்டு விற்காமல் போன பிக் ஸ்டார் என்கிற அமெரிக்க ராக் குழுவை முன்னேற்றப் பாடத்துக்கு உதாரணமாக்கிய அதே பதிவுதான். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி அதன் கீழே ஒருவர் "சரக்கு இருந்தா வித்திருக்கும்" என்று எழுத, அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

முதலில் அந்தப் பெயர். மெம்பிஸில் அவர்கள் பாட்டுப் பதிவுசெய்த ஆர்டென்ட் ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த மளிகைக் கடையின் பெயர் பிக் ஸ்டார். அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இதில் எங்கே வந்தது திமிர்? சரி, முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்று வைத்தார்கள். இருபது வயசை ஒட்டிய நான்கு பேருக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா?

1972-இல் வந்த ஆல்பம் அது. எந்தப் பாட்டையும் தனி சிங்கிளாக விடலாம் என்கிற அளவுக்கு பில்போர்டு பத்திரிகை பாராட்டியது. ஆனால் ரேடியோவில் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்கு ரெக்கார்டு கிடைக்கவில்லை. விநியோகப் பொறுப்பில் இருந்த ஸ்டாக்ஸ் ரெக்கார்டு கம்பெனியால் பல ஊர்க் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. அப்புறம் ஸ்டாக்ஸ், கொலம்பியா என்கிற பெரிய ரெக்கார்டு கம்பெனியோடு விநியோக ஒப்பந்தம் போட்டது. பழைய விநியோகஸ்தர்களோடு கொலம்பியாவுக்கு ஒத்துவரவில்லை. கடைகளில் இருந்த கொஞ்சநஞ்சப் பிரதிகளும் எடுக்கப்பட்டன. விற்றது பத்தாயிரத்துக்கும் குறைவு. 1974-இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'ரேடியோ சிட்டி'க்கும் ஏறக்குறைய இதே கதிதான். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அது தோல்வி. இங்கே கேட்க விடவே இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், என் முதல் கவிதைத் தொகுப்பு ஐந்நூறு பிரதி அச்சானது. கடையில் கேட்ட நண்பர்கள் எல்லாரும் "வரலையாம்" என்றார்கள். ஒன்றரை வருஷம் கழித்து விநியோகஸ்தரின் கிடங்குக்கு நானே போனேன். மூலையில், பழைய டைரிக் கட்டுகளுக்கு அடியில் இருந்தன. கட்டிய சணல் பிரிக்கப்படவே இல்லை. மேலே இருந்த அட்டையில் கயிறு பதிந்து குறுக்கே கோடு விழுந்திருந்தது. ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் மாமா சொன்னார்: "நல்லா இருந்தா வித்திருக்கும்ல மாப்ள."

"அந்தக் குழுவின் பாடகர் அலெக்ஸ் சில்டனும் ஒத்துழைக்காத ஆள்தானே" என்பீர்கள். இருக்கலாம், அதற்காக நான் வாதாட வரவில்லை. "பதினாறு வயசிலேயே பாக்ஸ் டாப்ஸ் என்கிற குழுவில் பாடி நம்பர் ஒன் ஆனவர், வாய்ப்பே இல்லை என்று எப்படிச் சொல்வாய்" என்பீர்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன். 1967-இல் நாடே கேட்ட அதே தொண்டை ஐந்து வருஷத்தில் கெட்டுப்போய்விட்டதா? அந்த மனிதர் பின்னாளில் நியூ ஆர்லியன்ஸில் ஓட்டல் பாத்திரம் கழுவினார். அதையும் கேலியாக எழுதியிருக்கிறீர்கள். பாத்திரம் கழுவுவது கேவலமா?

கிறிஸ் பெல்லைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குழுவைத் தொடங்கி, முதல் ஆல்பத்தை இழைத்து இழைத்துச் செய்தவர். அது போய்ச்சேராததில் நொறுங்கி, அந்த வருஷமே விலகினார். அப்பாவின் உணவகத்தில் வேலை பார்த்தார். 1978 டிசம்பர் 27 அன்று கார் கம்பத்தில் மோதி இறந்தபோது வயது 27. பின்னால் ஆர்.இ.எம். மாதிரியான குழுக்கள் இவர்களைக் கொண்டாடின. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் இவர்களுடைய மூன்று ஆல்பங்களும் ஏறின. எதையும் பெல் பார்க்கவில்லை.

அந்தப் பதிவை இன்னொரு தடவை முழுசாகப் படித்துப் பார்த்தேன். ஒரு பாட்டின் பெயர்கூட அதில் இல்லை. முதல் ஆல்பத்தில் இருக்கும் 'தர்ட்டீன்' இரண்டரை நிமிஷப் பாட்டு. அதையாவது கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

இனி யாரும் அதை எனக்கு அனுப்ப வேண்டாம்.