மார்ட்கேஜ்: சாவது ஆள் அல்ல, ஈடு

சாகும்வரை தவணை கட்டுவதால்தான் அடமானத்துக்கு ஆங்கிலத்தில் 'மார்ட்கேஜ்' என்று பெயர் வந்ததாக ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல. பழைய பிரெஞ்சில் 'மொர்ட்' என்றால் செத்த, 'காஜ்' என்றால் ஈடு. செத்தது ஈடுதான், ஆள் இல்லை.

கிளான்வில் பெயரில் வழங்கும் 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சட்ட நூலில் விளக்கம் இருக்கிறது. நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும். விளைச்சலை அவரே எடுத்துக்கொள்வார். ஆனால் அசலில் ஒரு காசும் கழியாது. அதுதான் செத்த ஈடு. விளைச்சல் கடனில் கழிந்துகொண்டே வந்தால் 'விஃப் காஜ்', அதாவது உயிருள்ள ஈடு. நம் ஊர் ஒத்தி தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆவது பிரிவு இரண்டு முறைக்குமே இடம் தருகிறது. வருமானம் வட்டிக்கா அசலுக்கா என்று பத்திரத்தில் தெளிவாக எழுதாமல் விட்டால், மீட்கப் போகும்போது தகராறுதான்.

15ஆம் நூற்றாண்டில் லிட்டில்டன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் இந்தப் பெயருக்குச் சொன்ன காரணம் வேறு. குறித்த நாளில் பணம் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவருக்குச் செத்துவிடும். கட்டிவிட்டால் ஈடு கடன் கொடுத்தவருக்குச் செத்துவிடும். அழகான விளக்கம்தான், ஆனால் பிற்காலத்து நடைமுறைக்குப் பொருந்துவது. சொல்லின் மூல அர்த்தத்துக்குக் கிளான்வில் நூலின் விளக்கமே நெருக்கம்.

இன்னொன்று: இன்றைய பிரெஞ்சுக்காரர்கள் அடமானத்தை 'இப்போதெக்' என்கிறார்கள். அது கிரேக்கச் சொல்.