நம்மூர் பொண்ணுங்களுக்கு வராதா?

"சாப்பாட்டை ஒதுக்குற நோயெல்லாம் வெளிநாட்டு மாடல்களுக்குத்தான், நம்ம பொண்ணுங்களுக்கு வராது"ன்னு ஒரு ஃபார்வர்ட் சென்னை ஃபேமிலி குரூப்ல சுத்துது, தப்புங்க அது. ஃபிஜி தீவுல பூசினாப்ல இருக்கிற உடம்பைத்தான் அழகும்பாங்க, அங்க நட்ரோகா பக்கம் 1995ல டிவி வந்து ஒல்லி உடம்புகளைக் காட்டுச்சு, 1998ல ஸ்கூல் பொண்ணுங்ககிட்ட கேட்டப்போ 100க்கு 11 பேர் வெயிட் குறைக்க வாந்தி எடுத்தேன்னு சொன்னாங்க, டிவி வந்த புதுசுல அப்படி ஒருத்தர்கூட சொல்லல. இங்க தி.நகர் துணிக்கடை பேனர்லேர்ந்து ரீல்ஸ் வரைக்கும் அதே ஒல்லி உடம்பைத்தானே காட்டுறாங்க! பரம்பரை, மனக்கவலை, வீட்டுக் கிண்டல் எல்லாமும் இதுல சேரும். பசங்களுக்கும் வரும், குண்டா இருக்கிறவங்களுக்கும் வரும், அதனால "பார்த்தா நல்லாத்தானே இருக்கா"ன்னு விட்டுடாதீங்க. தினமும் சாப்பிட்ட கையோட பாத்ரூம் கதவைச் சாத்திக்கிறான்னா திட்டாம உக்காந்து பேசுங்க, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போன் போடுங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.